பக்கவாட்டில் ஒரு சாண்

போன கிழமை நிசாம் வீட்டுக்கு வந்திருந்தான். காசு வண்டி ஓட்டுகிற அதே நிசாம்தான். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். உங்கள் ஸ்டோருக்குக் குண்டு துளைக்காத புது வெஸ்ட்டுகள் வரப்போகின்றனவாம்; எல்லாரும் அவரவர் சைஸை வட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டுமாம். வரிசையாக எம், எல், எம், எல் என்று போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் மூன்று எக்ஸ் போட்டு எல் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பதினான்கு சிரிக்கும் முகங்கள். அரை மணி நேரத்தில் அந்தப் பிள்ளை அதை அழித்துவிட்டு வெறும் 'எல்' என்று போட்டுவிட்டதாம். அழிக்கும் முன்பே நிசாம் படம் பிடித்து வைத்திருந்தான்.

ஸ்டோருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு வாங்கிக்கொண்டு ஹாலிஎலையில் சும்மா இருக்க முடியாமல் கிழவி மூக்கை நுழைக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. வெஸ்ட்டை எப்படித் துடைப்பது, எப்படி அடுக்குவது, எத்தனை வருடத்தில் கழிப்பது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. படித்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது லோகநாதன் என்ற ஒரு மனிதனைப் பற்றி, அவனுக்கு நான் செய்த பிழையைப் பற்றி.

நான் பட்டம் வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. பதுளையில் ஒரு கார்மெண்ட்ஸில் எட்டு வருடம் கழுத்துப் பட்டி தைத்தேன். பிறகு இந்தக் காவல் கம்பெனிக்கு யூனிபோர்ம் தைக்க வந்து, அப்படியே ஸ்டோர்ச் சாவியும் என் இடுப்பில் ஏறிவிட்டது. பூட்ஸ், பெல்ட், டோர்ச், ரேடியோ எல்லாம் என் கையால்தான் போகும். வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகும் வண்டிக்குக் காவல் போகிறவர்களுக்கு மட்டும் குண்டு துளைக்காத வெஸ்ட் உண்டு. முன்னாலும் பின்னாலும் மெத்தை மாதிரித் தடித்த அடுக்கு, நெஞ்சுக்கு நேரே ஒரு பைக்குள் கெட்டித் தகடு, விலாப் பக்கத்தில் இரண்டு அடுக்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூட வேண்டும். சாமான் இவ்வளவுதான். கார்மெண்ட்ஸ்காரிக்கு அது சட்டை மாதிரித்தான் தெரிந்தது. ஆள் பெருத்தவனா, பெரிய சட்டை. சிறுத்தவனா, சின்னச் சட்டை. இந்தப் புத்தியோடு எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்!

அளவெடுக்க நாங்கள் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, பேர் கூப்பிடக் கூப்பிட வேலைக்குப் பிரிந்து போகும் தாய் தகப்பனைப் பார்த்து வளர்ந்தவர்கள். கம்பெனி முற்றத்திலும் நாங்கள் அதே பெரட்டைத்தான் நடத்தினோம். வருடத்துக்கு ஒருமுறை எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, நாடாவைச் சுற்றி, நெஞ்சளவை நான் உரக்கச் சொல்வேன். ஒருவர் ரெஜிஸ்டரில் எழுதுவார். கொழுந்து நிறுக்கும்போது கிலோவைச் சத்தமாகச் சொல்வார்களே, அந்த மாதிரி. ஒளிவு மறைவு இல்லாத முறை என்று எனக்கு அதில் பெருமை வேறு. ஒல்லியானவனுக்கு ஒரு கேலி, தொப்பை வைத்தவனுக்கு ஒரு கேலி. முற்றமே கலகலவென்று இருக்கும்.

லோகநாதன் பூனாகலைப் பக்கத்துப் பிள்ளை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, நூற்று இருபத்தெட்டுக் கிலோ. அவன் ஏறினால் வேன் ஒருமுறை தலையாட்டிவிட்டுத்தான் புறப்படும். பெரட்டில் அவன் முறை வந்ததும் பின்னால் இருந்து எவனாவது ஆரம்பிப்பான்.

"அக்கா, நாடா பத்தாதுங்க. காணி அளக்கிற சங்கிலிய கொண்டாங்க."

"தண்ணிக்கு எத்தன கிலோ கழிக்கிறீங்க அக்கா?"

ஈரக் கொழுந்து என்று சொல்லி நிறுவையில் கிலோவை வெட்டுவார்களே, அந்தக் கேலி. முற்றம் அதிரும். லோகநாதனும் சிரிப்பான். ஆனால் நாடா நெஞ்சைச் சுற்றி வருவதற்குள் வயிற்றை எக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, அவனே முந்திக்கொண்டு, "நாப்பத்தினாலுங்க அக்கா, எல்" என்று கத்திவிடுவான். நாடாவில் ஐம்பத்திரண்டு நின்றது. என் கண் அதைப் பார்த்தது. என் வாய் நாற்பத்தினாலு என்றது. பாவம், இன்னும் நாலு பேர் சிரிக்க வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தேன். ரெஜிஸ்டரில் எல் என்று ஏறியது, வெஸ்ட்டும் எல் சைஸில் போனது. ஒவ்வொரு வருடமும் இதே கூத்துத்தான்.

ஒன்பது வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் லுணுகலைக்குப் போகும் வழியில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. மேலே தோட்டத்து ரோட்டுக்கு வேறு வண்டி வரவழைத்தார்கள். காசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குள் படியேறி அங்கே போய்ச் சேர வேண்டும். லோகநாதன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான், நிசாம் பின்னால். பாதி தூரத்தில் லோகநாதன் நின்றான். பெட்டியை இறக்கி வைத்தான். வாயைத் திறந்து திறந்து மூடினான், சத்தம் வரவில்லை. முகம் நீலம் பாரித்து அப்படியே தேயிலைச் செடிமேல் சரிந்தான். நிசாமுக்கு என்ன தோன்றியதோ, வெஸ்ட்டின் பட்டிகளைப் பிய்த்து எறிந்தான். பிய்த்த உடனே லோகநாதன் இழுத்த மூச்சின் சத்தத்தை நிசாம் இன்னும் மறக்கவில்லை. குழந்தை பிறந்ததும் இழுக்குமே, அப்படி என்று சொல்வான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது லோகநாதன் தூங்கிக்கொண்டிருந்தான். டொக்டர் ஒரு சின்னப் பெண். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்ல. பிரஷர்கூட பரவாயில்ல. இவர் நெஞ்ச சுத்தி என்னா கட்டியிருந்தீங்க?"

போர்வையை விலக்கிக் காட்டினாள். விலாவில் இரண்டு பக்கமும் கன்றிப்போன தடம். பாதம் பதிந்த மாதிரி நீளமாக, குதிகால் பக்கம் உருண்டு. ஒரு மனிதனின் விலாவில் பாதத் தடம் எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஸ்டோருக்குத் திரும்பி வந்து வெஸ்ட்டை மேசையில் விரித்தபோது விளங்கியது. எல் சைஸ் அவன் உடம்பில் மூடாது. இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு சாண் திறந்து கிடக்கும். அந்த ஒரு சாணை மறைக்க, வெஸ்ட் துணியின் அதே நிறத்தில் இரண்டு பை தைத்துப் பக்கப் பட்டியில் கோர்த்திருந்தான். பிரித்தேன். உள்ளே வார் அறுத்த ரப்பர் செருப்பு, பக்கத்துக்கு ஒரு சோடி. வெளியே இருந்து பார்த்தால் அசல் அடுக்கு மாதிரியே தடிப்பாகத் தெரியும். பட்டியை இறுக்க இறுக்கச் செருப்பு விலாவை நெரித்திருக்கிறது. சாக்கு ஊசியால் போட்ட தையல், ஆனால் ஒன்றுகூடக் கோணவில்லை. அந்தப் பெரிய விரல்களால் இப்படித் தைக்க எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான்! துவக்குக்காரன் எந்த வளைவில் நிற்பான் என்று தெரியாத ரோட்டில், விலாவில் செருப்பைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருடம் போய் வந்திருக்கிறான். முற்றத்தில் ஒரு எண் உரக்கக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். நான் அந்த மேசையிலேயே தலையை வைத்து அழுதேன். அழுது முடித்தபோது என்மேல்தான் கோபம் வந்தது.

அடுத்த நாள், கம்பெனிப் பொறுப்பில் இருந்த பெரிய சேர் என்னைக் கூப்பிட்டார். வெலிமடைக்காரர், சிங்களவர், ஆர்மியில் இருந்து வந்தவர். சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை.

"இந்த உடம்ப வச்சிக்கிட்டு எஸ்கோர்ட் போக முடியாது. கொழும்புல கேட் டியூட்டி ஒண்ணு இருக்கு. அங்க போடுறேன். வேல போகாது" என்றார்.

கேட்பவர்களுக்கு அது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் போய்ச் சொன்னபோது லோகநாதன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி வேறு. அவன் மனைவி சரசுவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பகலில் அவள் தங்கச்சி வந்து பார்ப்பாள். ஆனால் அவர்களுடைய லயத்து வீட்டில் இருந்து கக்கூஸுக்கும் குளிக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் முப்பது படி இறங்கி ஏற வேண்டும். காலையில் வேலைக்கு வரும் முன்னும் மாலையில் போன பின்னும் லோகநாதன்தான் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறுவான். வேறு யாராலும் முடியாது.

"கொழும்புக்கு போனா அவள யாருங்க அக்கா தூக்குவாங்க?" என்று கேட்டான்.

திரும்பி வந்து செருப்புகளைப் பெரிய சேரின் மேசையில் வைத்தேன்.

"சேர், குத்தம் அவன் உடம்புல இல்ல. ரெஜிஸ்டர்ல இருக்கு. அத பொய்யின்னு தெரிஞ்சே எழுத விட்டது நான். அவனுக்கு ஏத்த மாதிரி ஒரு வெஸ்ட்ட குடுத்துட்டு, பொறகு சொல்லுங்க அவனால முடியாதுன்னு."

அவர் ஒரு செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டொக்டர் சரின்னு துண்டு குடுத்த பொறகு ஒரு கிழம டைம். மேல கோயில் படி இருக்கே, நூத்தி எண்பது. முழு சாமானோட, காயம்பட்ட ஆள் மாதிரி ஒருத்தர முதுகுல வச்சு ஏறணும். வேகம் வேணாம். விழாம ஏறினா போதும். விழுந்தா கொழும்பு."

ஒரு கிழமையில் முதல் நாளையும் நான் வீணடித்தேன். பழைய புத்தி போகுமா? ஸ்டோரில் இருந்ததிலேயே பெரிய வெஸ்ட்டை எடுத்து, அதிலேயே பெரிய தகட்டைப் போட்டு, அவனுக்கு மாட்டினேன். தொப்புள் வரைக்கும் மூடியது. எனக்குப் பரம திருப்தி. "உக்காரு" என்றேன். உட்கார்ந்ததும் தொடை வயிற்றைத் தள்ள, வயிறு தகட்டைத் தள்ள, தகட்டின் விளிம்பு போய்த் தாடையில் முட்டியது. கையை முன்னால் கொண்டுவந்து துவக்கைப் பிடிக்கச் சொன்னால், இரண்டு கையும் தகட்டின் ஓரத்தில் தடுக்கி நின்றன. ஆமையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருந்தான் பாவம். எழும்பி, கழற்றி வைத்தான்.

"வேணாங்க அக்கா. நான் கொழும்புக்கே போறேன்."

"வாய மூடு. நாளைக்கு காலையில வா" என்றேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

மறுநாள் ஸ்டோரில் யாரும் இல்லை, நானும் அவனும்தான். இரண்டு பேருக்கும் கூச்சம். நாடாவின் ஒரு நுனியை அவன் கையிலேயே கொடுத்தேன். "நான் சுத்தி விடுறேன். நம்பர நீயே பாரு, நீயே எழுது. நான் பாக்க மாட்டேன்" என்றேன். வழக்கம்போல வயிற்றை எக்கினான்.

"அப்படியே விடு. மூச்ச நல்லா உள்ள இழு."

"இழுக்கவாங்க?"

ஒன்பது வருடத்தில் அவனிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. இழுத்தான். அந்த நெஞ்சு விரிந்ததை நான் என் கைக்குள்ளே உணர்ந்தேன். நாடா என் விரல்களை விட்டு வழுக்கிக்கொண்டு போனது. நின்றபடி ஒரு அளவு, உட்கார்ந்து ஒன்று, முழங்கால் போட்டு ஒன்று, மூச்சை நிறைய இழுத்து ஒன்று. நாலும் நாலு எண். ஒரே மனிதனுக்கு நாலு அளவு இருக்கிறது என்று எட்டு வருடக் கார்மெண்ட்ஸும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிறகு தகடு எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்க, அவன் தொண்டைக் குழியில் விரலை வைத்தேன். அங்கிருந்து நெஞ்செலும்பு முடியும் இடம் வரைக்கும் அளந்தேன். நம்ப முடியவில்லை. வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்த நிசாமைக் கூப்பிட்டு அவனையும் அதே இடத்தில் அளந்தேன். நிசாம் ஐம்பத்திரண்டு கிலோ, காற்றடித்தால் பறக்கிற ஆள். இரண்டு பேருக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம்! மறுபடி அளந்தேன், அதே அரை அங்குலம். லோகநாதனின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். எவ்வளவோ சதைக்கு உள்ளே, எல்லாருக்கும் இருக்கிற அதே இடத்தில், அவன் முஷ்டி அளவு இதயம் டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. எத்தனை பேரை அளந்திருக்கிறேன், ஒருநாளாவது இது தோன்றியதா? உடம்பு பெருக்கலாம், சிறுக்கலாம், உயிர் குந்தியிருக்கிற இடம் மட்டும் எல்லாருக்கும் கையகலம்தான். தகடு காக்க வேண்டியது அந்தக் கையகலத்தை. அவனுக்கு வேண்டியது நடுத்தரத் தகடு. சுற்றிவர மூடும் அடுக்குதான் அகலமாக வேண்டும்.

"அப்ப வயிறுங்க அக்கா? வயிறு வெளியில தெரியுமே" என்றான். அவனுக்கு அதுதான் கவலை.

"வயித்துல பட்டா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக நேரம் இருக்கும். நெஞ்சுல பட்டா இல்ல. தெரிஞ்சா தெரிஞ்சிட்டு போகட்டும்" என்றேன். நிசாம், "நம்ம வண்டிக்கு பம்பர் இருக்கிற மாதிரி நெனச்சிக்கங்க லோகு" என்றான். அந்தக் கிழமையில் லோகநாதன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான்.

பெல்ட் விஷயத்தில் அவன்தான் எனக்கு வழி காட்டினான். ரேடியோ, டோர்ச், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் நான் வயிற்றுக்கு மேலே இறுக்கிக் கட்டப் போனேன். "அங்க நிக்காதுங்க. சரசுவ நான் இடுப்பெலும்புல ஏத்தித்தான் தூக்குவேன், ஒரு துணிய தோளுக்கு குறுக்க போட்டு கட்டிக்குவேன். பாரம் எலும்புல உக்காந்தா தெரியவே தெரியாதுங்க" என்றான். அப்படியே செய்தோம். வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில் பெல்ட், அதைத் தாங்கத் தோளுக்கு இரண்டு பட்டி, சாமான் எல்லாம் பக்கவாட்டில். உட்கார்ந்து எழும்பிப் பார்த்தான். ஒன்றும் குத்தவில்லை.

மிஞ்சியது அந்த ஒரு சாண். கொழும்பில் இருந்து அகல அடுக்கு வர ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம், கழித்துப் போட்ட பழைய வெஸ்ட் ஒன்றை மேசையில் போட்டு, கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டேன். உள்ளே இருக்கும் அடுக்கை இரண்டாக வெட்டி இரண்டு பக்கமும் வைத்துத் தைத்தால் முடிந்தது. அந்த அடுக்கை வெட்டக் கூடாது, ஊசிகூட ஏற்றக் கூடாது. வெட்டினால் அது குண்டைத் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் பாருங்கள், மனம் எப்படிக் கணக்குப் போட்டது: கோயில் படியில் யார் சுடப் போகிறார்கள்? படியேறிக் காட்டினால் போதும், ஒரு மாதத்தில் சரியானது வந்துவிடும், அவன் மனைவிக்குப் பக்கத்தில் இருப்பான், நல்ல காரியம்தானே. கத்தரிக்கோல் துணியில் பட்டுவிட்டது. அப்போது மேசையின் மூலையில் கிடந்த செருப்பைப் பார்த்தேன். அவன் வெட்கத்தில் செய்ததை நான் அன்பில் செய்யப் போகிறேன், வேறென்ன? வெளியே இருந்து பார்க்க மூடியிருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கத்தரிக்கோலை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

நேரே பெரிய சேரிடம் போனேன். அவசரத்துக்கென்று சீல் வைத்திருக்கும் இரண்டு புது வெஸ்ட்டுகளில் விலாவுக்கென்று தனியாக வரும் பக்க அடுக்குகளை வெட்டாமல் முழுசாகக் கழற்றித் தரும்படி கேட்டேன். அவற்றைத் தொடச் சட்டத்தில் இடமில்லை. அவர் கத்தினார், நானும் கத்தினேன். கடைசியில், "அந்தாள் விழுந்தா நீங்கதான் திருப்பி மாட்டணும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மேல் துணியை மட்டும் வெட்டி அகலப்படுத்தி, அடுக்குகள் நான்கு விரல் அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி பை தைத்தேன். இழுபடும் பட்டி போட்டேன், மூச்சு இழுத்தால் விரிந்து கொடுக்க.

படியேறும் நாள் காலையில் தூறிக்கொண்டிருந்தது. டியூட்டி இல்லாத எல்லாரும் வந்து நின்றார்கள். மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். முதுகில் ஏற்ற வேண்டிய ஆள் நிசாம். "லோகு, நா ரெண்டு புள்ளக்காரன். பாத்து போங்க" என்று கெஞ்சினான். ஒருவரும் சிரிக்கவில்லை. லோகநாதன் அவனை இடுப்பெலும்பில் ஏற்றிக்கொண்டு முதல் படியில் காலை வைத்தான்.

ஐம்பது, அறுபது, எழுபது என்று நான் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். தொண்ணூறாவது படியில் நின்றான். லுணுகலை வழியில் அவன் சரிந்ததும் இப்படிப் பாதி வழியில்தானே. அவன் தலையை நிமிர்த்தி ஒரு மூச்சு இழுத்தான். அவ்வளவு தூரத்தில் இருந்தும் எனக்குத் தெரிந்தது: விலாப் பக்கத்து அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி விரிந்தன, மூச்சை விட்டதும் திரும்பி வந்து மூடின. மறுபடி விரிந்தன, மறுபடி மூடின. நான் தைத்தது ஒரு உயிரோடு சேர்ந்து மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாடி, அதை எப்படிச் சொல்வேன்! கோயிலில் தீபம் காட்டும்போதுகூட என் கண் அப்படி நிறைந்ததில்லை.

நிசாமை ஒருமுறை மேலே தூக்கிச் சரி செய்துகொண்டு அவன் மறுபடி ஏறினான். அந்தப் பெரிய உடம்பு ஆடவில்லை, அசையவில்லை, ஒவ்வொரு படியையும் அழுத்திப் பிடித்து ஏறியது. அவனைப் பார்த்து இத்தனை வருடம் சிரித்தவர்களெல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். மலையில் இருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "ஏறு ராசா, ஏறு!" உடனே கீழே இருந்தவர்களும் கத்த ஆரம்பித்தார்கள். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

உச்சிக்குப் போனதும் நிசாமை மெதுவாக இறக்கி விட்டான். பெரிய சேர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார், பின்னாலேயே நானும். கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கிழம லுணுகல வண்டி, லோகநாதன். ரெடியா இருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இனி முற்றத்துல அளக்க வேணாம். ஒவ்வொருத்தரா ஸ்டோருக்கு வரட்டும், கதவ சாத்திட்டு அளங்க. மொதல்ல நான் வாறேன்" என்றார்.

லோகநாதன் கோயில் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தும் தகடு தாடையை முட்டவில்லை என்பதைத்தான் முதலில் பார்த்தேன், தொழில் புத்தி. எனக்குத்தான் இரைத்தது. அவன் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீரா கண்ணீரா தெரியவில்லை, முகம் முழுக்க ஈரம்.

"அக்கா," என்றான், "ஒம்பது வருசமா எந்த படி ஏறினாலும் மூச்சு அடைக்கும். என் ஒடம்புதான் என்னைய கொல்ல பாக்குதுன்னு நெனச்சு, கண்ணாடியில பாக்கவே புடிக்காதுங்க." விலாப் பக்கத்து அடுக்கைக் கையால் தடவினான். "வீட்டுல வெறும் ஒடம்போட சரசுவ தூக்கிக்கிட்டு ஏறுறப்ப மட்டும் ஏன் அடைக்கலன்னு ஒரு நாளும் யோசிக்கலீங்க."

நானும் யோசிக்கவில்லை. நாடா என் கையில்தான் இருந்தது.